ஆக்கி அறிதல்: கொரானாவின் வேதியியலும் மரபுக் குறியீடும்

(திருப்பதியில் தமிழ் அவையொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு மூலக்கூறு நமக்குத் தெரியும் என்று எப்போது சொல்லலாம்? அதைப் பிரித்தெடுத்து, எடைபோட்டு, எந்த அணு எங்கே இருக்கிறது என்று தாளில் வரைந்துவிட்டால் போதுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கரிம வேதியியலாளர்கள் இதில் கறாராக இருந்திருக்கிறார்கள். வரைந்த படம் ஊகம்தான். அந்தப் படத்தின்படி எளிய பொருள்களிலிருந்து அதே மூலக்கூறை ஆக்கவேண்டும். ஆக்கியது இயற்கையில் கிடைத்ததோடு எல்லாக் குணத்திலும் ஒத்துப்போகவேண்டும். அதற்குப் பிறகே ஊகம் உறுதியாகும். கரிமத் தொகுப்பு என்று நாம் சொல்லும் துறையின் பழைய பெருமை இதில்தான் இருக்கிறது. இந்தக் கறாரை உயிரியலுக்குள், அதுவும் மரபணு வரைக்கும் கொண்டுபோனவர் ஹர் கோபிந்த் கொரானா. 1922இல் பஞ்சாபின் முல்தான் பக்கத்து ராய்ப்பூரில், இன்றைய பாகிஸ்தானில், பிறந்தவர். 1968இல் நிரென்பர்க், ஹாலி ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றவர். மூலக்கூறு உயிரியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரைப் பெரும்பாலும் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். உயிரியலாளர்கள் கேள்வி கேட்டார்கள், அதற்கு வேண்டிய பொருளை வேதியியலாளர் செய்து கொடுத்தார் என்பது போல அந்தப் பத்தி அமையும். அது தவறு என்பதே இன்று என் வாதம். மரபுக் குறியீட்டைப் பற்றி நாம் இன்று ஐயமின்றிச் சொல்லும் பல செய்திகள், ஒருவரால் அந்த மூலக்கூறுகளை எழுத்து எழுத்தாக ஆக்க முடிந்ததால்தான் ஐயமற்றவையாயின.

இந்த ஊரில் நின்றுகொண்டு அவரைப் பற்றிப் பேசுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று சேஷாசல மலையில் நிற்கும் செம்மரம். மற்றொன்று திருமலையில் அன்றாடம் காணிக்கையாக இறங்கும் முடி. முடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், மரத்திலிருந்து தொடங்குவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சித்தூர், திருப்பதி, கடப்பை, நெல்லூர் வட்டாரங்களைச் சுற்றித்தான் செம்மரம் இயற்கையாக வளர்கிறது. உலகச் சந்தையில் அதற்குள்ள விலையும், அதைச் சுற்றி நடக்கும் கடத்தலும், அதில் சிக்கிச் சீரழிந்த தமிழகக் கூலிகளின் கதையும் உங்களுக்குத் தெரியும். வேதியியலாளருக்கு அந்த மரம் வேறு வகையில் முக்கியம். அதன் சிவப்புக்குக் காரணமான சான்டலின் என்ற நிறமிகளின் அமைப்பை முடிவு செய்ய வெகுகாலம் பிடித்தது. குளித்தலையில் 1900இல் பிறந்து, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் பயின்று, 1933 முதல் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் பிறகு டெல்லியிலும் பெரிய ஆய்வுப் பள்ளியை உருவாக்கிய டி. ஆர். சேஷாத்ரி, தம் இறுதி ஆண்டுகளில் இந்த மரங்களின் நிறப்பொருள்களைப் பற்றி விரிவாக எழுதினார். சான்டலினின் அமைப்பு 1970களில் தெளிவானது. ஆனால் அதை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டியது 2013இல்தான். ஜெர்மனியின் மியூனிக் நகரில் டிர்க் டிரவ்னரின் குழு செய்தது. படம் வரைந்ததற்கும் பொருளை ஆக்கியதற்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு நெருக்கமான இடைவெளி. மரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் ஒரு நிறமிக்கே இந்த நிலை என்றால், கண்ணுக்குத் தெரியாத, அக்காலத்தில் எவரும் முழுதாக வாசித்திராத மரபணுவை ஆக்குவேன் என்று 1960களில் ஒருவர் கிளம்பியதன் துணிச்சலை நீங்கள் அளந்துகொள்ளலாம்.

கொரானாவின் படிப்பு முழுக்க வேதியியல்தான். லாகூரில் பட்டங்கள், லிவர்பூலில் 1948இல் முனைவர் பட்டம், சூரிக்கில் விளாடிமிர் பிரெலாக்கிடம் சிறிது காலம், பிறகு 1950 முதல் 1952 வரை கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் டாட்டின் கூடத்தில். இந்தக் கடைசி இடம்தான் திருப்பம். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்ற நியூக்ளிக் அமிலங்களில் ஓர் அலகை அடுத்த அலகோடு இணைப்பது பாஸ்பேட் பாலம் என்பதை நிறுவியவர் டாட். அந்தப் பாலத்தை ஆய்வுக்கூடத்தில் கட்டுவது எப்படி என்பது அடுத்த கேள்வி. டைசைக்ளோஹெக்சைல் கார்போடைஇமைடு என்ற நீண்ட பெயர் கொண்ட ஒரு பொருள், தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பாஸ்பேட்டை வினைக்குத் தயாராக்கும் என்று டாட்டும் கொரானாவும் 1953இல் காட்டினார்கள். அதே பொருளை இரண்டாண்டு கழித்து வேறு குழுவினர் அமினோ அமிலங்களை இணைக்கப் பயன்படுத்தி, புரதத் துண்டுகளைச் செய்யும் முறையையே மாற்றினார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து கொரானா சென்றது கனடாவின் வான்கூவருக்கு. அங்கே வசதி குறைவு, சுதந்திரம் மிகுதி. அந்தக் குறைந்த வசதியில்தான் 1950களின் இறுதிக்குள், உடலின் ஆற்றல் வேதியியலுக்கு நடுநாயகமான கோஎன்சைம் ஏ என்ற சிக்கலான மூலக்கூறை அவரும் உடன் பணியாற்றிய மொஃபட்டும் ஆக்கினார்கள். 1960இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் என்சைம் ஆய்வு நிலையத்துக்கு அவர் வந்தபோது, உயிர்வேதியியலாளர் மத்தியில் அவர் பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

இங்கே கொஞ்சம் நின்று, வேலையின் கடினம் எதில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். பின்னால் வரும் வாதம் முழுக்க இதன்மேல் நிற்கிறது. டி.என்.ஏ.வின் ஒவ்வோர் அலகிலும் வினைபுரியக்கூடிய இடங்கள் பல உண்டு. சர்க்கரையில் இரண்டு ஹைட்ராக்சில் முனைகள், காரங்களில் அமினோ தொகுதிகள், நடுவே பாஸ்பேட். இரண்டு அலகுகளைச் சும்மா கலந்து வினைப்படுத்தினால் எல்லாம் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும். நாம் விரும்பும் ஓரிடத்தில் மட்டும் இணைப்பு நடக்க, மற்ற இடங்களைத் தற்காலிகமாக மூடிவைக்கவேண்டும். பக்கத்து ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரித் துணிக்கு நீலம் ஏற்றுகிறவர், நீலம் படக்கூடாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி, சாயத்தில் தோய்த்து, பிறகு மெழுகை உருக்கி எடுப்பதைப் போன்றது இது. மெழுகு சாயத்தைத் தாங்கவேண்டும். எடுக்கும்போது துணி கெடக்கூடாது. கொரானாவின் குழு ஒவ்வொரு காரத்துக்கும் ஏற்ற மூடியைத் தேடித் தேடித் தேர்ந்தது. சர்க்கரையின் ஒரு முனைக்கு அவர்கள் கொண்டுவந்த டைமெத்தாக்சிடிரைட்டைல் என்ற மூடி, மெல்லிய அமிலத்தில் கழன்று ஆரஞ்சு நிறம் காட்டும். இன்று உலகெங்கும் டி.என்.ஏ. துண்டுகளைச் செய்யும் இயந்திரங்களில் ஓடுவதும் அதே மூடிதான். ஒவ்வொரு சுற்றும் சரியாக நடந்ததா என்பதை அந்த ஆரஞ்சு நிறத்தை அளந்துதான் சரிபார்க்கிறார்கள். பரிசு கொடுக்கும் குழுக்கள் இத்தகைய வேலையைத் தனியாகக் கவனிப்பதில்லை. என் மதிப்பில் கொரானாவின் நீடித்த கொடைகளில் இதுவும் ஒன்று.

இனி மரபுக் குறியீடு. டி.என்.ஏ.வில் நான்கே எழுத்துகள், அவை ஆர்.என்.ஏ.வாக நகலாகும்போது யூ, சி, ஏ, ஜி. புரதங்களில் இருபது அமினோ அமிலங்கள். நான்கைக் கொண்டு இருபதை எப்படி எழுதுவது? மூன்றெழுத்துச் சொற்கள் என்றால் 64 வரும், போதும் என்று கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். கணக்குச் சரி, ஆனால் செல் அப்படித்தான் வாசிக்கிறது என்பதற்குச் சான்று வேண்டும். 1961இல் மார்ஷல் நிரென்பர்க்கும் ஹைன்ரிக் மத்தாயும் யூ மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ.வை, செல்லை உடைத்து எடுத்த சாற்றில் போட்டார்கள். ஃபீனைல்அலனைன் மட்டுமே கொண்ட புரதச் சங்கிலி வந்தது. இது பெரும் கண்டுபிடிப்பு, ஐயமில்லை. அடுத்து அவர்களும் செவெரோ ஒச்சோவாவின் குழுவும் இரண்டு மூன்று எழுத்துகளைக் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து ஆர்.என்.ஏ. செய்தார்கள். ஆனால் அதைச் செய்த என்சைம் எழுத்துகளைத் தாறுமாறாகக் கோத்தது. ஆகவே கிடைத்த விடை இப்படி இருந்தது: சிஸ்டீனுக்கான சொல்லில் இரண்டு யூ, ஒரு ஜி, வேலினுக்கும் இரண்டு யூ, ஒரு ஜி, லியூசினுக்கான ஒரு சொல்லிலும் அப்படியே. எந்தெந்த எழுத்துகள் என்று தெரிந்தது. எந்த வரிசை என்று தெரியவில்லை. வரிசை தெரியாத சொல்லை வைத்து எதையும் வாசிக்க முடியாது.

வரிசை தெரியவேண்டுமானால், வரிசை நமக்குத் தெரிந்த ஆர்.என்.ஏ. கையில் இருக்கவேண்டும். இதற்குக் கொரானா கண்ட வழி அழகானது. நீண்ட ஆர்.என்.ஏ.வை நேரடியாக வேதியியல் முறையில் ஆக்குவது அன்று இயலாத காரியம். ஆகவே டி.என்.ஏ.வின் சிறு துண்டுகளை, இரண்டு அல்லது மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வருமாறு, வேதியியலால் செய்தார். பிறகு ஆர்தர் கார்ன்பெர்க் கண்டெடுத்த டி.என்.ஏ. பாலிமரேஸ் என்ற என்சைமிடம் அதை ஒப்படைத்தார். என்சைம் அதே பல்லவியைத் தொடர்ந்து பாடி நெடுஞ்சங்கிலியாக்கியது. அதை இன்னோர் என்சைம் ஆர்.என்.ஏ.வாக நகலெடுத்தது; இரண்டு இழைகளில் எதை நகலெடுக்கவேண்டும் என்பதை, என்ன மூலப்பொருளைக் கொடுக்கிறோம் என்பதை வைத்தே கட்டுப்படுத்தினார்கள். துல்லியம் வேதியியலுடையது, நீளம் என்சைமுடையது. யூசியூசியூசி என்று ஓடும் ஆர்.என்.ஏ.வைச் செல்சாற்றில் போட்டபோது செரினும் லியூசினும் மாறிமாறி வரும் சங்கிலி கிடைத்தது. இந்த ஒரே சோதனை பல ஊகங்களைத் தீர்த்துவைத்தது. சொல் இரண்டெழுத்து அல்லது நான்கெழுத்து என்றால் ஒரே அமினோ அமிலம்தான் தொடர்ந்து வந்திருக்கும். ஒற்றைப்படை நீளமாக இருந்தால்தான் மாறிமாறி வரும். மூன்றெழுத்துப் பல்லவிகளைக் கொடுத்தபோது, தொடங்கும் இடத்தைப் பொறுத்து மூன்று தனித்தனிச் சங்கிலிகள் வந்தன. சொல்லின் நீளம் மூன்றே என்பது உறுதியாயிற்று.

திருமலை முடியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். முடி என்பது கெராட்டின் என்ற புரதம். அதற்கு உறுதியைக் கொடுப்பது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து இடும் பிணைப்புகள். திருமலையில் முடியிறக்கும் இடமான கல்யாணகட்டாவில் இறங்கும் ஒவ்வோர் இழையிலும் சிஸ்டீன் செறிந்திருக்கிறது. அந்தச் சிஸ்டீனைச் செல் எந்தச் சொல்லால் எழுதுகிறது? யூஜியூஜி என்று ஓடும் ஆர்.என்.ஏ.வைக் கொரானாவின் குழு கொடுத்தபோது வேலினும் சிஸ்டீனும் மாறிமாறி வந்தன. ஆக, யூ-ஜி-யூ, ஜி-யூ-ஜி என்ற இரண்டு சொற்களில் ஒன்று வேலினுக்கு, மற்றொன்று சிஸ்டீனுக்கு. எது எதற்கு? யூ-யூ-ஜி பல்லவியைக் கொடுத்தால் லியூசின், சிஸ்டீன், வேலின் மூன்றும் தனித்தனியே வரும். அதில் உள்ள சொற்கள் யூ-யூ-ஜி, யூ-ஜி-யூ, ஜி-யூ-யூ. இரண்டு சோதனைக்கும் பொதுவான சொல் யூ-ஜி-யூ ஒன்றே. ஆனால் பொதுவான அமினோ அமிலங்கள் சிஸ்டீன், வேலின் என்று இரண்டு. இழுபறி தீரவில்லை, பாருங்கள். அதைத் தீர்க்க மூன்றெழுத்துத் தனித்துண்டுகள் தேவைப்பட்டன. ஒரு மூன்றெழுத்துச் சொல்லைத் தனியே கொடுத்தால், செல்லில் புரதத்தைக் கோக்கும் ரைபோசோமில் அது எந்த அமினோ அமிலத்தை ஏந்திய ஆர்.என்.ஏ.வைப் பிடித்து நிறுத்துகிறது என்று பார்க்கும் முறையை 1964இல் நிரென்பர்க்கும் ஃபிலிப் லெடரும் கொண்டுவந்தார்கள். கொரானாவின் கூடம் 64 சொற்களையும் வேதியியலால் ஆக்கி அதே சோதனைக்கு உட்படுத்தியது. யூ-ஜி-யூ சிஸ்டீனுக்கு, ஜி-யூ-ஜி வேலினுக்கு என்று அப்படித்தான் முடிவாயிற்று.

என் வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. குறியீட்டை உடைத்தவர் நிரென்பர்க். கொரானா பின்னால் வந்து சரிபார்த்தவர். சரிபார்ப்பவரைக் கண்டுபிடிப்பாளராக்குவது சரியா? முந்தியவர் யார் என்ற பந்தயமாக இதைப் பார்த்தால் விடை நிரென்பர்க்தான். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் தனித்துண்டு முறையில் எல்லாச் சொற்களும் தெளிவாகப் பேசவில்லை. சில சொற்கள் வலுவின்றிப் பிடித்தன. சில எதையும் பிடிக்கவில்லை. எதையும் பிடிக்காத சொல்லுக்குப் பொருள் இல்லையா, அல்லது சோதனைதான் பலவீனமா? அந்தச் சோதனைக்குள்ளேயே நின்று இதற்கு விடை சொல்ல முடியாது. கொரானாவின் நெடுஞ்சங்கிலிகள் உண்மையாகவே புரதத்தை உண்டாக்கின. அங்கே வந்த விடை பிடிப்பின் வலுவைச் சார்ந்ததல்ல. இன்னும் ஒன்று: ஜி-யூ-ஏ-ஏ என்ற நான்கெழுத்துப் பல்லவியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மூன்றாக வாசித்தால் ஜி-யூ-ஏ, ஏ-ஜி-யூ, ஏ-ஏ-ஜி, யூ-ஏ-ஏ என்று வரும். எங்கே தொடங்கினாலும் நான்காவது சொல்லுக்குள் யூ-ஏ-ஏ வந்தே தீரும். இந்த ஆர்.என்.ஏ. நீண்ட புரதத்தைத் தரவில்லை, குறுந்துண்டுகளோடு நின்றது. யூ-ஏ-ஏ ஒரு நிறுத்தக்குறி என்பதற்கு இது நேர்ச் சான்று. நிறுத்தக்குறிகள் உண்டு என்பதை மரபியல் வழியில் வேறு சிலர் ஊகித்திருந்தார்கள். அந்த ஊகத்தை, எழுத்து எழுத்தாகத் தெரிந்த ஒரு மூலக்கூறில் வைத்துக் காட்ட ஆக்குகிறவர் தேவைப்பட்டார்.

அடுத்தது மரபணு. ஈஸ்டில் அலனைனை ஏந்திச் செல்லும் கடத்து ஆர்.என்.ஏ.வின் முழு வரிசையை 1965இல் ராபர்ட் ஹாலி வெளியிட்டார். அதற்குரிய மரபணுவை, 77 எழுத்து இணைகள், முழுக்க ஆக்கிவிடுவது என்று கொரானா முடிவெடுத்தார். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் முடிவின் பாரம் புரியும். ஒவ்வோர் இணைப்பும் 80 விழுக்காடு வெற்றி பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரிம வேதியியலில் அது நல்ல விளைச்சல். இருபது எழுத்துத் துண்டுக்கு 19 இணைப்புகள். கடைசியில் மிஞ்சுவது ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. 77 எழுத்துக்கு 76 இணைப்புகள். மிஞ்சுவது இரண்டு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. நேராகக் கோத்துக்கொண்டு போனால் கரை சேர முடியாது. ஆகவே ஐந்து முதல் இருபது எழுத்து வரையுள்ள 15 துண்டுகளைத் தனித்தனியே ஆக்கி, ஒன்றின் முனை எதிர் இழையின் துண்டோடு பொருந்தி நிற்குமாறு வரிசையை வகுத்து, இடைவெளிகளை லைகேஸ் என்ற என்சைமால் ஒட்டினார்கள். அந்த என்சைம் கண்டுபிடிக்கப்பட்டது 1967இல். திட்டம் தொடங்கிய பிறகு! ஒட்டும் பொருள் கையில் இல்லாதபோதே துண்டுகளைச் செய்யத் தொடங்கியதை அசட்டுத் துணிவு என்று சொல்லலாம். 1970 ஜூனில் மரபணு முடிந்தது என்று அறிவித்தார்கள். 1972இல் வெளியான விரிவான கட்டுரைத் தொடரில் ஆசிரியர்களின் பெயர்களைப் பார்த்தால், இந்தியா, ஜப்பான், ஜெர்மனி என்று பல நாட்டு இளைஞர்கள் தெரிவார்கள். ஒரு தனிமனிதரின் ஆய்வு வாழ்க்கை என்று நாம் பேசுவதற்குப் பின்னால் இத்தனை கைகள்.

இங்கே என் வாதத்துக்கே ஒரு தடை வருகிறது, அதை மறைக்கக்கூடாது. 1970இல் ஆக்கிய மரபணு வேலை செய்ததா? அதைக் காட்ட அன்று வழியில்லை. எங்கே தொடங்கவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் பகுதிகள் அதில் இல்லை. ஆக்கினால் தெரிந்துவிட்டது என்ற வாதம் இந்த இடத்தில் தள்ளாடுகிறது: அமைப்பு தெரிந்தது, செயல் தெரியவில்லை. கொரானாவுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கவேண்டும். ஏனென்றால் 1970இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு மாறிய பிறகு அவர் எடுத்துக்கொண்ட மரபணு, செயலைச் சோதிக்க வசதியான ஒன்று. ஈ. கோலை பாக்டீரியாவின் டைரோசின் கடத்து ஆர்.என்.ஏ.க்குரிய மரபணு அது; யூ-ஏ-ஜி என்ற நிறுத்தக்குறியை நிறுத்தக்குறியாக எடுத்துக்கொள்ளாமல், அங்கே டைரோசினை வைத்து மேலே படித்துக்கொண்டு போகும் வகை. தொடக்கப் பகுதி, முடிவுப் பகுதி எல்லாம் சேர்த்து 207 இணைகள். 1976இல் முடித்தார்கள். நடுவில் தவறான நிறுத்தக்குறி விழுந்ததால் முடங்கிக் கிடந்த வைரஸ், இந்த மரபணு உள்ளே போன பாக்டீரியாவில் பெருகியது. ஆக்கியது உயிருள்ள செல்லில் பேசியது. ஆக, என் கூற்றைத் திருத்திச் சொல்கிறேன்: ஆக்குவது பாதிச் சான்று, ஆக்கியதை இயங்கவிட்டுப் பார்ப்பது மறுபாதி. செம்மரத்துக்கும் இந்தத் திருத்தம் பொருந்தும். டிரவ்னரின் குழு, மரத்துக்குள் நடக்கக்கூடும் என்று ஊகித்த வழியைப் பின்பற்றியே சான்டலினை ஆக்கியது. குடுவையில் அது நடந்ததால் அமைப்பு உறுதி. ஆனால் மரமும் அதே வழியில்தான் செய்கிறது என்பதற்குக் குடுவை சாட்சி சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு காலத்தைப் பற்றியது. 1972, 73ஆம் ஆண்டுகளில் மரபணுக்களை வெட்டி ஒட்டும் நுட்பம் வந்துவிட்டது. இயற்கையான மரபணுவையே எடுத்துப் பாக்டீரியாவில் பெருக்கலாம் என்றான பிறகு, எழுத்து எழுத்தாக ஆக்கிய உழைப்பு வீண்தானே? அப்போதே சிலர் இப்படிக் கேட்டார்கள். இன்றும் பாடநூல்கள் வாசிப்பவருக்கு அந்த எண்ணம் தோன்றும். நடந்தது வேறு. 1977இல் இட்டாகுரா, ரிக்ஸ், போயர் ஆகியோர் பாக்டீரியாவில் முதன்முதலாக ஒரு மனித ஹார்மோனை, சொமாட்டோஸ்டாட்டினை, உண்டாக்கியது வேதியியலால் ஆக்கிய மரபணுவைக் கொண்டுதான். அடுத்த ஆண்டு இன்சுலின். அதுவும் ஆக்கிய மரபணுவே. அந்த மனித இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. கொரானாவின் கூடத்தில் பணியாற்றிய மார்வின் கருத்தர்ஸ் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த பாஸ்பரமிடைட் முறை, ஒவ்வோர் இணைப்பின் வெற்றியையும் 99 விழுக்காட்டுக்குக் கிட்டே கொண்டுபோயிற்று. முன்பு போட்ட அதே கணக்கை 99 வைத்துப் போடுங்கள்: 77 எழுத்துக்குக் கிட்டத்தட்ட பாதி மிஞ்சும். டி.என்.ஏ.வைப் பலமடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறை வேலை செய்ய இரண்டு சிறு டி.என்.ஏ. துண்டுகள் வேண்டும், அவை ஆக்கப்பட்டவை. ஆக்கிய துண்டுகளையும் பாலிமரேஸையும் கொண்டு ஒரு மரபணுவைத் திரும்பத் திரும்பப் பெருக்கலாம் என்ற எண்ணமே கொரானாவின் கூடத்திலிருந்து 1971இல் கிளெப்பே முதலியோர் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. அதை நடைமுறையாக்கிப் பரிசு பெற்றவர் கேரி மல்லிஸ். நடைமுறையாக்குவது சின்ன வேலையல்ல, ஆகவே இதில் பெரிய அநீதி நடந்ததாக நான் நினைக்கவில்லை.

இன்னொரு திருப்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. குறியீடு, மரபணு இரண்டும் முடிந்தபின் கொரானா அதே துறையில் அமர்ந்து புகழை அறுவடை செய்யவில்லை. சவ்வுகளில் பதிந்திருக்கும் புரதங்களுக்குப் போனார்; குறிப்பாகக் கண்ணில் ஒளியை வாங்கும் ரொடாப்சினுக்கு. 1986இல் அவர் குழு மாட்டின் ரொடாப்சினுக்குரிய மரபணுவை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைகளோடு, முழுக்க ஆக்கியது. இயற்கையான மரபணு அதற்குள் கிடைத்துவிட்டிருந்தது, பிறகேன் ஆக்கினார்கள்? அமினோ அமிலங்களை மாற்றாமல், மரபணுவில் மட்டும் வெட்டுவதற்கு வசதியான இடங்களை நெடுகிலும் வைத்து எழுதினார்கள். எந்தப் பகுதியையும் கழற்றி, வேறு எழுத்துள்ள பகுதியை மாட்டலாம். இந்த அமினோ அமிலத்தை எடுத்துவிட்டால் பார்வை என்னாகும் என்ற கேள்வியை இயற்கையிடம் நூற்றுக்கணக்கில் கேட்க முடிந்தது. இங்கே ஆக்குவது பழைய பொருளில் சான்று அல்ல. இயற்கை தன்னிடம் வைத்திராத மாதிரிகளைச் செய்து, அவற்றோடு ஒப்பிட்டு இயற்கையை அறியும் வழி. 2011 நவம்பரில் மறையும் வரை அவருடைய பெயரோடு பொதுமக்கள் சேர்த்துச் சொன்னது நோபல் பரிசைத்தான். ஆய்வு முறை என்ற அளவில் என் ஓட்டு ரொடாப்சினுக்கு.

மூன்றாவது மறுப்பு நம் நாட்டைச் சார்ந்தது. 1949இல் கொரானா இந்தியா திரும்பி வேலை தேடிக் கிடைக்காமல் மீண்டும் இங்கிலாந்து போனவர். அவர் சாதனை நம்முடையதா, அதைப் பேசி நமக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. உரிமை கொண்டாட நான் வரவில்லை. அவர் அன்றே இங்கே தங்கியிருந்தால் அதே வேலையைச் செய்திருப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. சேஷாத்ரி ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கட்டிய பள்ளி, சுற்றிலும் கிடைத்த பூ, பட்டை, மரம் ஆகியவற்றின் நிறப்பொருள்களை ஆராய்ந்தது. மூலப்பொருள் காட்டிலும் வயலிலும் கிடைத்தது, அதில் உலகத் தரமான வேலை நடந்தது, 1960இல் லண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. கொரானாவின் வேலைக்கோ தூய என்சைம்கள், கதிரியக்க அணு ஏற்றிய பொருள்கள், பக்கத்து அறையில் உயிர்வேதியியலாளர் எல்லாம் வேண்டும். 1950களின் இந்தியாவில் அவை ஓரிடத்தில் கூடியிருக்கவில்லை. இன்று நிலை அப்படி இல்லை. 1954இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலிருந்து கரிம பாஸ்பரஸ் சேர்மங்களைப் பற்றிய கட்டுரைகள் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன, டி.என்.ஏ.வின் முதுகெலும்பில் பாஸ்பேட் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 2015இல் இங்கே வந்த ஐசர் என்ற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் வேதியியலும் உயிரியலும் ஒரே கூரையின் கீழ்ப் பயிற்றுவிக்கப்படுகின்றன.

ஆனால் அங்கே பயிலும் மாணவர்களே கேட்கக்கூடிய கடைசி மறுப்பு ஒன்று இருக்கிறது. டி.என்.ஏ. துண்டு வேண்டுமென்றால் வரிசையைத் தட்டச்சு செய்து ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால் சில நாளில் கூரியரில் சிறு குப்பியில் வந்துவிடுகிறது. மூடிகளையும் பாஸ்பேட்டையும் பற்றி இனி ஏன் படிக்கவேண்டும்? நான்கு சாதாரண எழுத்துகளே போதும் என்கிறவருக்கு இந்தக் கேள்வி நியாயமானது. மருந்து செய்கிறவருக்குப் போதாது. ஆர்.என்.ஏ. உடம்புக்குள் போனால் நொடியில் சிதைந்துவிடும். நோய் எதிர்ப்பு அமைப்பு அதை எதிரியாகப் பார்க்கும். ஆகவே சர்க்கரையில் ஒரு ஃபுளூரினையோ மெத்தில் தொகுதியையோ வைத்து, அல்லது பாஸ்பேட்டில் ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகத்தை வைத்து, செல் ஏமாந்து ஏற்றுக்கொள்ளும் ஆனால் என்சைம் கடிக்க முடியாத ஆர்.என்.ஏ.வை வேதியியலாளர்கள் செய்யவேண்டியிருந்தது. அந்த வகையில் முதல் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. மருந்தான பாட்டிசிரான் 2018இல் அனுமதி பெற்றது. கோவிட் காலத்தில் பரவலாகப் போடப்பட்ட தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளில் யூ என்ற எழுத்துக்குப் பதிலாக மெத்தில் சூடோயூரிடின் என்ற மாற்றெழுத்து இருக்கிறது. இத்தகைய மாற்றத்தின் பயனைக் காட்டிய காட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2023இல் நோபல் பெற்றார்கள். அந்தத் தடுப்பூசியைச் செய்யும் முறையைக் கவனியுங்கள்: மாற்றெழுத்தைக் கொடுப்பது வேதியியல், வரிசை தெரிந்த டி.என்.ஏ.வைப் பார்த்து நீளமான ஆர்.என்.ஏ.வாகக் கோத்துத் தருவது என்சைம். 1960களில் விஸ்கான்சினில் யூசியூசி செய்த அதே பங்கீடு இன்று மருந்து ஆலையில் நடக்கிறது; புதிய மாற்றெழுத்துகள் எவை என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது, அதற்கு விடை தேடுகிறவர் பாஸ்பேட்டையும் மூடியையும் அறிந்தவராகத்தான் இருக்கவேண்டும்.